கவிழ்ந்து கிடந்த சொம்பு

சமையலறை ஜன்னலில் இருந்த மணிபிளான்ட்டின் இலைகள் மஞ்சளாகிக் கருக ஆரம்பித்தன. அதைப் பார்த்த சொம்பு அரிசி கழுவிய தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றியது. இலை உதிர உதிர இன்னும் ஊற்றியது.

"சொம்பக்கா, வேரெல்லாம் ஊறி மூச்சு முட்டுது!" என்று அழுதது செடி.

"போதும் தாயே! அழுகின இலையை நான் நறுக்கிடறேன். நீ கொஞ்ச நாள் கவிழ்ந்து கிட," என்று அதட்டியது கத்தரிக்கோல்.

சொம்பு கவிழ்ந்து கிடந்தது. ஆனால் இருப்புக்கொள்ளவில்லை. "பொழைச்சிருவியாடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒருநாள் காலையில் செடி கூவியது: "அக்கா, துளிர் விட்டிருக்கேன்! லேசாத் தாகமும் எடுக்குது!"

சொம்பு துள்ளி நிமிர்ந்து, தண்ணீர் மொண்டு ஓடிவந்த வேகத்தில் பாதியைத் தரையிலேயே சிந்திவிட்டது.

"அய்யய்யோ!"

"மிச்சமே போதும்க்கா," என்று சிரித்தது செடி.