கோவாவுக்கு ரெண்டு ஏஸ்

“முதல்ல பேசுறவன் பெரிய சீட்டு இல்லாம பந்தயத்தை ஏத்தவே கூடாது. கடைசியா பேசுறவன் சுமாரான சீட்டுக்கும் ஏத்தலாம். ஏன்?”

இளையபெருமாள் கேட்டுவிட்டு மேசையைச் சுற்றியிருந்த மற்ற மூன்று பேரையும் பார்த்தார்.

“ஏன்னா, மத்தவன் என்ன பண்றான்னு பாத்துட்டுத்தான் கடைசி ஆளு பேசுறான். இதை எத்தனை தடவை சொல்லிக் குடுக்கறது?”

“நீங்க சொன்னாத்தான் சார் மண்டையில ஏறுது” என்றார் ஸ்டோர் கிருஷ்ணமூர்த்தி.

அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றின் மனமகிழ் மன்றம் அது. ரம்மியைத் தவிர வேறு ஆட்டம் தெரியாத அந்த மன்றத்துக்குப் போக்கரைக் கொண்டுவந்த புண்ணியவான் இளையபெருமாள்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. காசு வைத்தால் போலீஸ் வரும் என்பதால் மக்காச்சோளத்தை வைத்து ஆடினார்கள்.

மூன்று வருடமாக அவர் தோற்றதே இல்லை. அவர் ஏத்தினால் போதும், மற்றவர்கள் மளமளவென்று சீட்டைக் கவிழ்த்துவிட்டு பஜ்ஜித் தட்டுக்குப் போய்விடுவார்கள். எல்லாம் உட்காரும் இடத்தின் சாஸ்திரம் தெரிந்ததால் வந்த வெற்றி என்று அவர் நம்பினார். அந்த சாஸ்திரத்தை வெள்ளைப் பலகையில் படம் போட்டு வகுப்பெடுத்த பெருமையும் அவருக்கு உண்டு.

இன்றைய ஆட்டம் சாதாரணமானதில்லை. ஜெயிப்பவர் கம்பெனிச் செலவில் குடும்பத்தோடு கோவாவுக்குப் போய், எல்லா ஆலைகளுக்கும் நடக்கும் போட்டியில் ஆடலாம். ஆட்டம் தொடங்கும் முன்பே அவர் மனைவி லீலாவதி, ஐம்பத்து நாலு வயதில் முதல் சுடிதார் எடுக்கப் பெரம்பலூருக்கு பஸ் ஏறிவிட்டாள். ஜெயங்கொண்டத்துத் தங்கச்சிக்கு வேறு போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. தோற்றுவிட்டு வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று இளையபெருமாள் யோசிக்கவே இல்லை. போட்டி நாளில் மூளைக்கு ஓய்வு வேண்டுமென்று மத்தியானமே போனை அணைத்துவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருந்தார்.

முதல் ஆட்டத்தில் அவர்தான் முதலில் பேச வேண்டும். கையில் இரண்டு ராஜா.

“ஏத்துறேன்” என்றார், வழக்கமான மிடுக்கோடு.

“நானும் வரேன் சார்” என்றார் கிருஷ்ணமூர்த்தி.

இப்படி ஒரு வார்த்தையை இளையபெருமாள் அந்த மேசையில் கேட்டதே இல்லை. அதற்குள் கடைசியில் இருந்த ஆய்வுக்கூடத்து நந்தினி, அவர் வைத்ததைப் போல மூன்று மடங்கு சோளத்தைத் தள்ளினாள்.

“ஏம்மா நந்தினி, முதல் ஆளு ஏத்தினா என்ன அர்த்தம்?”

“கையில பெரிய சீட்டு இருக்குன்னு அர்த்தம் சார்.”

“தெரிஞ்சுமா ஏத்துற?”

“தெரிஞ்சுதான் சார் ஏத்துறேன்.”

அந்த ஆட்டம் கிருஷ்ணமூர்த்திக்குப் போனது. ஏதோ சீட்டு மோசம் என்று இளையபெருமாள் மனதைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்ததில் அவருக்குக் கடைசி இடம். எலக்ட்ரிகல் ஜெயப்பிரகாஷ் முதல் ஆளாக இருந்து ஏத்தினான். சாஸ்திரப்படி பார்த்தால் இளையபெருமாள் பேசாமல் சீட்டைக் கவிழ்த்திருக்க வேண்டும். ஆனால் தன்னைப் பார்த்து ஒருவன் ஏத்துவதா என்று ரோஷம் வந்துவிட்டது. வெறும் பத்தையும் ஒன்பதையும் வைத்துக்கொண்டு அதற்கு மேல் ஏத்தினார். ஜெயப்பிரகாஷ் அசரவில்லை, சிரித்துக்கொண்டே பாதிச் சோளத்தை அள்ளிக்கொண்டான்.

ஐந்தாவது ஆட்டத்தில் மறுபடி முதல் இடம். சீட்டைத் தூக்கிப் பார்த்தவருக்கு உயிர் வந்தது. ஏஸ், இன்னொரு ஏஸ்! கைக்கு வரும் இரண்டு சீட்டில் இதைவிடப் பெரியது கிடையாது.

“மொத்தமும் வைக்கிறேன்!” என்று சோளம் முழுவதையும் நடுவே தள்ளினார். இப்போதாவது ஓடுவார்கள் என்று பார்த்தார்.

“வரேன் சார்.”

“நானும் வரேன்.”

“நானும்தான் சார்.”

நடுவில் ஐந்து சீட்டும் விழுந்தன. அதில் ஒரு ஏழு, ஒரு நாலு. நந்தினி தன் சீட்டைத் திருப்பினாள். அவளிடமும் ஒரு ஏழு, ஒரு நாலு. ஆக இரண்டு ஜோடி, எந்த ஒற்றை ஜோடியையும் ஜெயிக்கும் கை. இளையபெருமாளின் ஒற்றை ஏஸ் ஜோடி பரிதாபமாகக் கிடந்தது. கோவா போயே போய்விட்டது.

“ஏழும் நாலும்! எந்த இடத்துல உக்காந்தாலும் இதைத் தூக்கி எறியணும்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க சார்.”

“அப்புறம் ஏன்மா வச்ச?”

நந்தினி சோளத்தை வாரினாள். இளையபெருமாளுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. பாடுபட்டுச் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் ஒரே நாளில் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்களே!

“மூணு வருசமா நான் ஏத்தினா உடனே கவுத்தீங்க. இன்னிக்கி மட்டும் உங்களுக்கு என்னய்யா ஆச்சு?”

கிருஷ்ணமூர்த்தி எழுந்து போய், சுவரோரம் சாத்தியிருந்த கேரம் போர்டைத் தூக்கி வந்து தூசி தட்டினார்.

“போனை ஆன் பண்ணிப் பாருங்க சார், மூணு மணிக்கே உங்களுக்கு மாத்தல் ஆர்டர் வந்துருச்சு. உங்க இடத்துக்குப் புதுசா வர்ற மேனேஜருக்கு கேரம்தான் உசுராம், நாங்க இன்னிக்கே அதுல தோக்கப் பழகணும்.”