கரையில் நிற்பவள்

மாலை வெயில் மொட்டை மாடியில் இளஞ்சூடாகக் கிடக்கிறது. மூங்கிலில் காயும் மயில்கழுத்து நிறப் பட்டு நூலைக் காற்று புரட்டுகிறது. பரிமளா கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி தம்பி ஹேமநாத் கையிலிருக்கும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். திரையில் சிசிலித் தீவு. பெரிய காத்தாடிகள் இழுக்க, பலகைமேல் நின்று கடலில் சறுக்கிப் போகிறார்கள். செப்டம்பரில் இருவரும் அங்கே போவதாகப் பேச்சு. "இடுப்பளவு தண்ணிதான்க்கா. நான் ஓட்டுறேன். நீ கரையில நின்னுகினு காத்தாடியத் தூக்கி வுட்டா போதும்." சின்ன வயதில், ஆடிக் காற்றில் இதே மாடியில் அவள் அதைத்தான் செய்தாள். வீட்டுத் தறியில் மிஞ்சிய இழைகளை முடிச்சுத் தெரியாமல் இணைத்து நூல்கண்டாகச் சுற்றியதும் அவள்தான். காத்தாடியை மாடிக் கோடிக்கு ஏந்திப் போய்க் கைகளை உயர்த்துவாள். அது மேலேறும்போது காகிதம் படபடத்தது இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. பறக்கும்போது நூல் தம்பியிடம்தான்; ஒருநாளும் அவள் கைக்கு வந்ததில்லை. "இன்னாக்கா, தூங்கிட்டியா? ஃபாரம் அனுப்பிடட்டுமா?" பயிற்சிப் படிவத்தில் அவன் பெயர் மட்டும் இருக்கிறது. காத்தாடியின் அளவைத் தீர்மானிக்க எடை கேட்டிருக்கிறார்கள். அறுபத்தெட்டு என்று போட்டிருக்கிறான். "இன்னொரு பேர் சேத்துக்கோ," என்கிறாள். "யாரு?" "நான்தான். எழுபத்தொண்ணு கிலோ." "எழுபத்தொண்ணா! பந்தல் துணி சைசுல காத்தாடி கேக்கணும்க்கா." அவள் சிரிக்கவில்லை. "எழுதுடா. ஒரு நாள் நீ கரையில நில்லு." அவன் நிமிர்ந்து அவளைப் பார்க்கிறான். பிறகு அவன் கட்டைவிரல் ஏழையும் ஒன்றையும் தட்டுவதை, கண் எடுக்காமல் அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.