பெரியவர் முதலில்

வாசலில் பேராசிரியர் ஹேவாத் ஒதுங்கி நின்று நெஞ்சில் கைவைத்தார். "நீங்க முதல்ல, காகா."

"அதானே! பெரியவன் இருக்கும்போது சின்னவன் முந்தினா அவன் பஷ்தூனே இல்ல" என்று பூரித்தபடி உள்ளே போனார் கமாண்டர் ஸ்மராக். தற்கொலைப் படைக்கு ஆள் அனுப்பி அனுப்பியே தாடி நரைத்தவர்; ஊருக்கே 'காகா', அதாவது பெரியப்பா.

பச்சைத் தேநீர் வந்தது.

"குண்டு கட்டிக்கிட்டுப் போறவங்க புத்தியோடதான் போறாங்களா காகா? எங்க காபூல் பல்கலைக்கழகத்துல இந்தக் கேள்விக்காக அடிதடியே நடக்குது."

"பின்னே? ஒரு நொடி வலி, அப்புறம் என்னைக்கும் சொர்க்கம். புத்தி உள்ளவன் விடுவானா? பைத்தியங்களை நாங்க சேர்க்கிறதே இல்ல. போன மாசம்கூட ஒருத்தனை விரட்டினேன்."

"ஏன், என்ன பண்ணினான்?"

"தோர்யாலைன்னு பேரு. நல்லாத்தான் இருந்தான். குண்டுச் சட்டையை மாட்டிவிட்டு, 'சொர்க்க வாசல் திறந்திருக்கு, போடா'ன்னேன். அதைக் கழற்றி என் கையில கொடுத்துட்டு, 'நீங்க இருக்கும்போது நான் எப்படி முந்தறது? நீங்க முதல்ல, காகா'ன்னு ஒதுங்கி நிக்கிறான்! சுத்தப் பைத்தியம்!"

பேராசிரியர் தேநீரை முடித்து எழுந்தார். வாசலருகே ஒதுங்கி நின்று, நெஞ்சில் கைவைத்தார்.

"நீங்க முதல்ல, காகா."

கமாண்டருக்குக் கால் எழவில்லை.