ஒரே கம்பியில் ஆறு வீடு

இரண்டு நீளம், ஒரு குட்டை. வெஸ்டா வீட்டு மணி.

தக்காளி கொதித்துக்கொண்டிருந்த அண்டாவை அப்படியே விட்டுவிட்டு, சுவரில் மாட்டியிருந்த தொலைபேசிக்கு ஓடினாள். ஓடினாள் என்றா சொன்னேன்? ஐந்து நாளாகப் பருத்திக் காட்டுக்கும் போகாமல், கட்டிலிலும் படுக்காமல் இந்த மணிக்காகவே நாற்காலியில் கிடந்தவள். கால் இரண்டும் வீங்கிப்போய்ச் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் போய்ச் சேர்ந்தாள்.

"சான் பிரான்சிஸ்கோவிலேர்ந்து உம்புள்ள, வெஸ்டா" என்றாள் டவுன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் இனெஸ். "மூணே நிமிஷம். அழுதே தீத்துடாதடி."

ஹோய்ட். கொரியாச் சண்டையில் பிடிபட்டு, மூன்று வருஷம் முகாமில் கிடந்து, இப்போதுதான் கப்பலில் வந்து இறங்கியிருக்கிறான்.

"ம்மா..."

பாதாளத்தில் இருந்து வந்தது குரல். அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை.

காரணம் அவளுக்குத் தெரியும். அலபாமாவின் அந்த மலையோரத்தில் ஒரே கம்பியில் ஆறு வீடு. ஒரு வீட்டு மணி ஆறு வீட்டிலும் அடிக்கும்; யாருக்கு என்பதை நீளம், குட்டை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்தவள் அடுப்பில் என்ன வேகிறது என்று தெரியாவிட்டால் சாப்பிட்டது செரிக்காத ஊர். யாருக்கு மணி அடித்தாலும் எல்லோரும் எடுத்துக் கேட்பார்கள். கேக்குக்கு எத்தனை முட்டை என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டால், மூன்றாமவள் நடுவில் புகுந்து பதில் சொல்வாள். வெஸ்டா மட்டும் என்ன, உத்தமியா? அவளும் கேட்பவள்தான். ஒரே ஒரு தொல்லை, ஒவ்வொருத்தியாக எடுக்க எடுக்கக் கம்பியில் வரும் குரல் இளைத்துக்கொண்டே போகும்.

இன்று மற்ற ஐந்து பேரும் எடுத்திருந்தார்கள்.

"மகராசிகளா, உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும், போனை வைங்கடி! எம்புள்ள பேசுறது காதுல விழல!"

டிக். டிக். கொஞ்சம் யோசித்து, இன்னொரு டிக். "ஆண்டவன் கண்ணத் தொறந்துட்டாரு வெஸ்டா" என்றது ஒரு கிழக்குரல். பிறகு அதுவும் டிக்.

நாலு பேர் வைத்தாயிற்று.

ஐந்தாமவள் வைக்கவில்லை. குழாயில் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தின்போது சர்ச்சே கேட்கும் இழுப்பு அது. ஓர்ஃபா.

ஓர்ஃபாவின் மகன் ரேஃபோர்டும் ஹோய்ட்டும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். வீட்டோடு இருந்தவனைக் கிளப்பிக்கொண்டு போனது ஹோய்ட்தான், ஊருக்கே தெரியும். சண்டையில் இரண்டு பேரையும் காணவில்லை என்று இரண்டு வீட்டுக்கும் ஒரே வாரத்தில் தந்தி வந்தது. அப்புறம் முகாமிலிருந்து ஹோய்ட்டின் கடிதம் வந்தது. ரேஃபோர்டிடமிருந்து எதுவும் வரவில்லை. அன்றிலிருந்து ஓர்ஃபா இவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வாரா வாரம் மகனுடைய கட்டில் விரிப்பைத் துவைத்துக் காயப்போடுகிறாள், படுக்க ஆள் இல்லாத கட்டிலுக்கு. வெஸ்டா இங்கிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

வெஸ்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை காலம் ஒரு வார்த்தை கிடையாது, இப்போது என் மூன்று நிமிஷத்தில் பங்குக்கு வந்துவிட்டாளா! வையடி என்று கத்த வாயெடுத்தாள். கத்துவதற்குத் தெம்பு இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் மட்டும் வைத்துவிடுவேனா என்று தோன்றியது.

"ஹோய்ட்டு" என்று கூப்பிட்டாள். "ரேஃபோர்ட் எங்கடா?"



இழை போல வந்தது குரல், "லைன்ல வேற யாராச்சும் இருக்காங்களாம்மா?"

இழுப்பு நின்றது. ஓர்ஃபா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

இருக்கிறாள் என்று சொன்னால் பிள்ளை மென்று விழுங்கிவிடுவான். எனக்குக் கொடுத்த ஆண்டவன் அவளுக்கு மட்டும் கையை விரித்துவிடுவாரா? எங்கேயாவது ஆஸ்பத்திரியில் கிடப்பான், அடுத்த கப்பலில் வருவான். அதை அவள் தன் காதாலேயே கேட்டுக்கொள்ளட்டும்.

"யாரும் இல்லடா. எல்லாரும் வச்சிட்டாங்க. நீ சொல்லு."

"மொதக் குளிர்லயே போயிட்டான்மா. எம் மடியிலதான் போனான். நாந்தான் பொதச்சேன். ஓர்ஃபா அத்தைகிட்ட நானே நேர்ல வந்து சொல்லணும். அதுக்குத்தான் உசிரைப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தேன். நீ முந்திக்கிட்டு வாயத் தொறந்துடாத, என்ன?"

வெஸ்டா வாயைத் திறக்கவில்லை. ஓர்ஃபா என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும். கூப்பிட்டால் அவள் கேட்டுக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரிந்துபோகும்.

டிக்.

ஓர்ஃபா, வைத்த சத்தம் வெளியே தெரியக்கூடாது என்று அத்தனை மெதுவாக வைத்திருந்தாள்.

மறுநொடி ஹோய்ட்டின் குரல் ஒரு பிசிறு இல்லாமல், அடுப்படியிலேயே நிற்பவன் பேசுவதுபோலக் கேட்டது. மூன்று வருஷம் அவள் ஏங்கிக் கிடந்த குரல். சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் சரிந்தாள். குழாயை மட்டும் காதிலிருந்து எடுக்கவில்லை.

"அட, இப்ப என்னமாக் கேக்குது! லைன் சரியாயிடுச்சு போலருக்கு. பேசும்மா. இன்னும் ஒரு நிமிஷம் முழுசா இருக்கு."