ஹவானாவில் கறிவேப்பிலை

திரையில் ஒருவன் இரண்டு சின்ன மத்தளங்களை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வெளுத்து வாங்கினான்.

பார்வையைக் கொஞ்சம் விலக்கினால் சிவதாணுவுக்கு மத்தளம் தெரிந்தது. அடிக்கிறவன் முகம் எப்படிப் பார்த்தாலும் தெரியவில்லை.

ஒரு வருடமாக இப்படித்தான். எதைப் பார்த்தாலும், நடுவில் யாரோ பெருவிரலால் தேய்த்துவிட்டது போல ஒரு கறை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் உலகம் மிச்சமிருந்தது. சுழலும் பாவாடைகள், குலுங்கும் தோள்கள். எழுத்து என்பது அறவே போய்விட்டது.

கரமனையில் ஒரு நூலகத்தின் மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை. பிலிம் சொசைட்டிக்காரர்கள் கியூபா நாட்டு இசைக்காகவே தேடிப் பிடித்த பழைய கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படம் ஓடிக்கொண்டிருந்தது.

முப்பது வருடமாக அவர் அங்கே உறுப்பினர். அட்டையை இன்றைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக மனைவி ஓமனாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

கூட்டம் சிரித்தது. ஒரு கணம் பிந்தி அவரும் சிரித்தார்.

அடுத்த முறை அவர் சிரிக்கவில்லை.

“ஒண்ணும் தெரியல்லியே” என்று தனக்குள் முனகியபடி கைத்தடியை எடுத்தார்.

“அண்ணாச்சி, இருங்க. நான் வாசிச்சுச் சொல்லுதேன்.”

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்குரல். ஐம்பது வயது இருக்கலாம். சிவதாணு உட்கார்ந்தார்.

ஆங்கில சப்டைட்டிலை அவள் தமிழாக்கி மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். மத்தளக்காரனுக்கு வேலை போய்விட்டது. கரும்புத் தோட்ட முதலாளி என்று பொய் சொல்லி ஹவானாவில் ஒரு ஹோட்டலில் தங்கியிருக்கிறான். ஹோட்டல்காரருக்கு ஒரு மகள்.

இது கிடைத்ததும் படம் அவருக்குத் திறந்துகொண்டது.

போகப் போக வசனங்கள் இன்னும் சூடு பிடித்தன. அவள் குரலும் கொஞ்சம் உயர்ந்தது. வாத்தியக்காரர்கள் தோளிலிருந்து மணிக்கட்டு வரை அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்த சட்டையில் வந்து நின்றார்கள். மகள் ஏதோ கேட்டாள்.

“‘டெய்லர் மிச்சத் துணியைத் திருப்பித் தராம கையிலேயே வச்சுத் தைச்சுட்டானா’ங்கா.”

சிவதாணுவுக்குப் புரையேறியது. பின்வரிசையிலும் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். ஒரு நாற்காலி அவர்கள் பக்கமாக இழுபடும் சத்தம் கேட்டது.

ஹோட்டல்காரர் மேசைக்கு அடியில் தவழ்ந்தார்.

“‘கறிவேப்பிலையைக் காணல்லே’ங்காரு.”

“ஹவானாவுல கறிவேப்பிலையா?”

“எழுதியிருக்கு அண்ணாச்சி.”

சப்டைட்டில் போட்டவன் மலையாளியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கண்ணில் வழிந்த நீரை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார். இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

முடிவை நெருங்கும்போது மத்தளக்காரனின் குட்டு உடைந்துவிட்டது. மத்தளம் நின்றது. அவன் படிக்கட்டில் தனியே உட்கார்ந்திருக்க, மகள் அருகே வந்து நின்றாள். நெடுநேரம் பேசினாள்.

பக்கத்துக் குரல் சற்றுத் தயங்கியது.

“‘பொய் சொன்னது தப்புதான். ஆனா நீ வந்த பொறவுதான் இந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டுது’ங்கா.”

சிவதாணு குரல் வந்த பக்கம் திரும்பினார். அதற்குள் மத்தளமும் எக்காளமும் ஒன்றாகக் கிளம்பி, ஹோட்டலே ஆடத் தொடங்கியது. அவர் கைத்தடியும் தரையில் தாளம் போட்டது.

விளக்குகள் எரிந்தன. குரல் வந்த திசையைப் பார்த்து அவர் கைகூப்பினார்.

“ஒரு சொல்லு விடாம வாசிச்சீங்க. ரொம்ப உபகாரம்.”

“நம்ம ஜோலி அதாக்கும். கோர்ட்டுல மொழிபெயர்ப்பு. இருபது வருஷமாச்சு. ஒரு சொல்லு கூட்டவும் பிடாது, குறைக்கவும் பிடாது.”

தாசம்மாள் என்று பேர் சொன்னாள். நெய்யாற்றின்கரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள்.

சிவதாணு சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, விரல்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

செயலாளர் ஹரிநாராயணன் வந்தார். இவர் வாய் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“மன்னிக்கணும் சார். இருபது நிமிஷத்துலயே சப்டைட்டில் நின்னுபோயிடுத்து. எவ்வளவு பார்த்தும் சரியாகலை. பாட்டுக்காக எல்லாரும் பொறுத்துண்டு உக்காந்திருந்தா.”

சிவதாணு பக்கத்துக் காலி நாற்காலியின் பக்கம் திரும்பினார்.

“ஆனா உங்க பக்கத்து நாலு வரிசை மட்டும் கடைசி வரைக்கும் ஒரே சிரிப்பு. எதுக்குன்னுதான் எனக்கு மனசிலாகலை.”

சிவதாணு அட்டையைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டார்.

மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்த ஒரு வருடத்தில் நடக்காத வேகத்தில் இறங்கினார்.

சாலையோரம் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நெய்யாற்றின்கரை பஸ்தான் என்று யாரோ சொன்னார்கள். ஜன்னல்கள் தெரிந்தன. ஜன்னலுக்கு ஒரு முகம் இருக்க வேண்டும். எல்லா முகமும் ஒரே கறையாக இருந்தது.

“சேட்டா, கேறுன்னுண்டோ?” என்று, ஏறுகிறாரா எனக் கேட்டார் கண்டக்டர்.

சிவதாணு இல்லை என்று தலையசைத்தார்.

பிறகு கைத்தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, முன் ஜன்னலிலிருந்து பின் ஜன்னல் வரை மெல்லத் திரும்பி, பஸ் முழுவதையும் கும்பிட்டார்.