தேன் பாட்டிலும் மருந்துப் பையும்

ஏழு மாதக் கர்ப்பிணியான செண்பகவல்லிக்குப் புற்றுநோய். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மேலே, நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏறும் கீமோ மருந்துப் பை தொங்கியது. பக்கத்து மேசையில் அக்கா கொண்டுவந்த தேன் பாட்டில் இருந்தது.

“உன்னால இவ வாயெல்லாம் புண்ணு. இறங்கிப் போ, நான் பாத்துக்கறேன்” என்றது தேன்.

“கட்டியைக் கரைப்பியா?” என்றது பை.

“அது தெரியாது. ஆனா நான் இனிப்பேன்.”

பார்க்க வந்த டாக்டரிடம் செண்பகவல்லி கேட்டாள்: “தேன் தொட்டுக்கலாமா?”

“கொஞ்சம் தொட்டுக்கோங்கம்மா. மருந்தை மட்டும் நிறுத்தக் கூடாது.”

நாக்கில் தேன் பட்டதும் அவள் சிரித்தாள். வயிற்றில் குழந்தை உதைத்தது.

“என்னாலதான்!” என்றது தேன்.

“அம்மா உயிரோட இருக்கறதே என்னாலதான்!” என்று பை கத்தியது.

மறுபடி ஓர் உதை, பலமாக.

“நம்மளத்தான் வாயை மூடச் சொல்லுது” என்று தேன் கிசுகிசுத்தது.

பை தன் வேலையைப் பார்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது.