காணாமல் போன கண்ணாடி

மனைவி போன பிறகு முதியோர் இல்லத்துக்கு வந்த ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர், இரண்டு மாதமாகச் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தார். பேச்சும் இல்லை, சரியான சாப்பாடும் இல்லை. டாக்டர் மாத்திரையை மாற்றிப் பார்த்துவிட்டார். நர்ஸ் மட்டும் தினமும் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள்.

ஒரு நாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஐயா, எதிர் ரூம் டீச்சரம்மாவோட கண்ணாடியைக் காணோம்!"

"தலைமாட்டுல தேடச் சொல்லு."

மறுநாள் செஸ் போர்டின் ராணி மாயமானாள். அடுத்து ஒற்றைச் செருப்பு. போனது சோபா அடியில் கிடைத்தால், புதிதாக ஒன்று போயிருக்கும். இன்ஸ்பெக்டர் எழுந்து உட்கார்ந்து நோட்டுப் புத்தகம் கேட்டார். ஒவ்வொரு அறையாகப் போய் விசாரித்தார். விசாரணை அரட்டையாகி, அரட்டை சாப்பாட்டு மேஜை வரை நீண்டது.

"திருடன் யாருன்னு தெரிஞ்சுதா, ஐயா?" சில வாரம் கழித்து நர்ஸ் கேட்டாள்.

அவர் கதவைச் சாத்தினார்.

"முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு. உன் லீவு நாள்ல மட்டும் எதுவும் காணாமப் போறதில்லையேம்மா!"

நர்ஸின் கை சட்டென்று கோட் பாக்கெட்டைப் பொத்தியது. உள்ளே டீச்சரம்மாவின் சீப்பு.

"நாளைக்கு உனக்கு லீவுதானே? போறப்போ எதையாவது அமுக்கிட்டுப் போ. மத்தவங்களும் கண்டுபிடிச்சுட்டா, அப்புறம் காலையில நான் யார் கதவைத் தட்டுறது?"